தூக்குவாளிக்குள் இருந்த ஆவுடையப்பன்

புத்திசாலிகள் எல்லா ஊரிலும் உண்டு. ஏமாங்குளத்தில் மட்டும் அவர்கள் மூன்று பேராகச் சேர்ந்து ஒரு சவுண்டு சர்வீஸ் கடை வைத்திருந்தார்கள். கடைக்கு முதலாளி ஆவுடையப்பன். கொம்பையா யோசனை சொல்லுகிறவன். பேச்சிமுத்து சந்தேகம் கேட்கிறவன். கல்யாணமோ காதுகுத்தோ, இவர்கள் போய்க் குழாய் ஸ்பீக்கர் கட்டினால் பாதி நாளுக்கு "மைக் டெஸ்டிங்" மட்டும்தான் கேட்கும். மைக் அந்தப் பரீட்சையில் பாஸாகிவிட்டது என்று மூன்று பேருக்கும் ஒருமனதாகத் தெரிய வேண்டாமா?

ஆவுடையப்பனுக்கு ஒரு மனைவி உண்டு, பெயர் செண்பகவல்லி. போன மாதம், "கேஸ் சிலிண்டருக்குச் சொல்லிட்டு வாரேன்" என்று வெளியே போனவன், மூன்றாம் நாள் ஒரு கோயில் கொடைத் திருவிழாவிலிருந்து தோளில் குழாய் ஸ்பீக்கரோடு வந்து நின்றான். சிலிண்டர் எங்கே என்று கேட்டதற்கு, "அதுக்குத்தான போய்க்கிட்டிருக்கேன்" என்றான். அவள் பையைத் தூக்கிக்கொண்டு சங்கரன்கோவிலில் இருக்கிற அம்மா வீட்டுக்குப் புறப்பட்டுவிட்டாள்.

பஸ்ஸில் ஏறும்போது ஒரு வார்த்தை சொன்னாள்.

"நீங்க சொல்லுதது ஒண்ணு, செய்யுதது ஒண்ணு. இனிமே எங்க போனீக, என்ன செஞ்சீகன்னு தினமும் டைரி எழுதுங்க. நான் படிப்பேன். எழுதினதும் நடந்ததும் ஒண்ணா இருந்தா வாரேன். அதுல ஒரு பொய் இருந்துச்சு, ஒங்க வாசப்படிய மிதிக்க மாட்டேன்."

ஆவுடையப்பனுக்கு நிஜமாகவே அழுகை வந்தது. அவள் திட்டாத வீட்டில் அவனுக்குக் காபி இறங்கவில்லை. காபி போடவும் தெரியாது, அது வேறு விஷயம். ஆனால் டைரிக்கு எங்கே போக? அவன் கடைசியாக எழுதியது ஐந்தாம் வகுப்பில் பசுவைப் பற்றி. அதிலும் பாதியில் பசு காணாமல் போய்விட்டது.

மூவருமாக செல்போன் கடை செய்யது பாயிடம் போனார்கள். அவர் நல்ல மனிதர். போனை வாங்கித் தட்டு தட்டென்று தட்டிவிட்டுச் சொன்னார்:

"அண்ணாச்சி, இது டைரி ஆப். நடைக் கணக்கு ஆப், மேப், வானிலை, தூக்கக் கணக்கு எல்லாத்தையும் இதோட சேத்து விட்டுட்டேன். ஒங்க வீடு, கடை, மாமியார் வீடு எல்லாம் பேர் போட்டு வச்சிருக்கேன். எல்லா ஆப்பும் ஒண்ணோட ஒண்ணு பேசி, நீங்க என்ன செஞ்சீகளோ அதை எழுதிரும். மதினி போன்லயும் தெரியும். நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம். கை மட்டும் வச்சுராதீக, அது பாட்டுக்கு ஓடும்."

வீட்டுக்கு வந்ததும் பேச்சிமுத்து போனில் காதை வைத்துக் கேட்டான்.

"ஒண்ணோட ஒண்ணு பேசும்னாரு. ஒரு சத்தத்தையும் காணோமே?"

"வேத்து ஆள் மூணு பேரு முன்னால எப்படிப் பேசும்? ஒங்க வீட்டு விஷயத்த நீ எங்க முன்னால பேசுவியா?" என்றான் கொம்பையா.

நியாயமாகத்தான் பட்டது. மூவரும் கதவைச் சாத்திவிட்டு, அதுகள் பேசி முடிக்கிற வரைக்கும் வேப்ப மரத்தடியில் மரியாதையாக உட்கார்ந்திருந்தார்கள்.

அடுத்தது கை விஷயம். கை வைக்கக் கூடாது என்றால் போனை எப்படி எடுத்துப் போவது? அடுப்பங்கரை இடுக்கியால் அதை எடுத்து ஒரு தூக்குவாளிக்குள் இறக்கினார்கள். திறந்து பார்க்க வேண்டுமென்றால் ஆவுடையப்பன் வாளிக்குள் தலையை விட்டு மூக்கு நுனியால் தடவுவான். மூக்கைப் பற்றி செய்யது பாய் ஒன்றும் சொல்லவில்லையே.

மறுநாள் பக்கத்து ஊர்க் கல்யாணத்துக்குப் போய் மூவரும் முதுகு ஒடியப் பெட்டி சுமந்தார்கள். வாளியோ வீட்டு அலமாரியில் இருந்தது. திரும்பி வந்து ஆவுடையப்பன் மூக்கால் தடவிப் பார்த்தான். டைரி எழுதியிருந்தது: "இன்று ஆவுடையப்பன் ஓர் அடியும் நடக்கவில்லை. நாள் முழுக்க நன்றாகத் தூங்கினார்."

"ஐயோ, இது பொய்யில்லா!" என்று வாளிக்குள்ளிருந்து அலறினான்.

"அழிச்சிருவமா?" என்றான் பேச்சிமுத்து.

"கை வைக்கப்படாதுல" என்று தடுத்தான் கொம்பையா. "யோசிச்சுப் பாரு. டைரி ஒண்ணு சொல்லுது. அண்ணாச்சி ஒண்ணு செஞ்சிருக்காக. ரெண்டுல ஒண்ணத் திருத்தணும். டைரியத் தொட முடியாது. அண்ணாச்சியத் தொடலாம்."

அதுதான் சரி என்று அண்ணாச்சியைத் திருத்தினார்கள். நேற்றுத் தூங்காததை இன்றைக்குத் தூங்கிக் கழித்துவிடுவது என்று முடிவு. வாளியைத் தலைமாட்டில் வைத்துப் பகலெல்லாம் அவனைப் படுக்கப் போட்டார்கள். தூக்கம் வராதபோது பெரிய ஸ்பீக்கரில் தாலாட்டுப் போட்டார்கள். தெருவில் வேறு யாரும் கண்ணை மூட முடியவில்லை.

சாயங்காலம் பார்த்தால் டைரியில், "இன்றும் நாள் முழுக்கத் தூங்கினார்" என்று இருந்தது. பேச்சிமுத்துவுக்குச் சந்தேகம் வந்தது.

"இன்னைக்குத் தூங்கினது நேத்தைக் கணக்குல போயிருச்சே. அப்ப இன்னைக்குள்ள தூக்கத்த எப்பத் தூங்குவாக?"

"நாளைக்கு."

"நாளைக்கு உள்ளத?"

"அதுக்கு மறுநாள்."

இப்படியே போனால் ஆவுடையப்பன் எழுந்திருக்கும்போது கிழவனாகியிருப்பான். செண்பகம் வந்து எழுப்பினால்கூட எழுந்திருக்க உரிமை இல்லை. கொம்பையா மறுபடியும் யோசித்தான். வாளி நடந்தால்தான் டைரியில் நடை ஏறும். அண்ணாச்சியோ கம்பம் ஏறுகிறவர், இரண்டு கையும் வேண்டும். ஆகவே நாள் முழுக்க நடக்கிற, அதே சமயம் போனில் கை வைக்கவே வழியில்லாத ஆள் ஒருவர் வேண்டும்.

பேச்சிமுத்துவின் வெள்ளாடு அந்த இரண்டுக்கும் பொருந்தியது. கையே இல்லை. வாளியை அதன் கழுத்தில் கட்டி அவிழ்த்து விட்டார்கள்.

அன்றைய டைரி பிரமாதம். "இன்று வெகுதூரம் நடந்தார். ஏழு முறை குளத்தங்கரைக்குப் போய் வந்தார். மதியம் முழுதும் பஞ்சாயத்துத் தலைவர் தோட்டத்தில் இருந்தார்." ஆவுடையப்பன் பெருமூச்சு விட்டான். படுத்துக் கிடந்து பாக்கி அடைப்பதற்கு இது எவ்வளவோ மேல். விடிந்ததும் ஏழு முறை குளத்தங்கரைக்கு நடந்தான். மதியம் தலைவர் தோட்டத்தில் கத்தரிச் செடிகளுக்கு நடுவில் போய் நின்றான்.

தலைவர் ஓடிவந்தார். "நேத்து ஒரு ஆடு வந்து மேஞ்சிட்டுப் போச்சு. இன்னைக்கு நீ வந்து நிக்கியாக்கும்?"

"நேத்து வந்ததும் நான்தான் தலைவரே. டைரியில இருக்கு."

தலைவர் மேற்கொண்டு விசாரிக்கவில்லை. குற்றவாளியே ஒத்துக்கொண்டபின் விசாரணை எதற்கு? கையிலிருந்த குடையால் நாலு போட்டு அனுப்பினார்.

அடுத்த நாள் வானிலை ஆப் தன் பங்குக்குப் பேசியது. "ஏமாங்குளத்தில் இடியுடன் கூடிய கனமழை. ஆவுடையப்பன் மழையில் நனைந்தார்." வெளியே காக்காய் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருக்கிற வெயில்.

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இந்தத் தடவை பேச்சிமுத்துகூடச் சந்தேகம் கேட்கவில்லை. தண்ணீர்த் தொட்டியிலிருந்து ஓஸ் குழாயை இழுத்துக்கொண்டு கூரை மேல் ஏறினான். கொம்பையா பெரிய ஸ்பீக்கரைப் போட்டு மைக்கைத் தரையில் முட்டி இடி இடித்தான். ஆவுடையப்பன் முற்றத்தில் நின்று நனைந்தான். பக்கத்து வீட்டு சண்முகக்கனி காயப்போட்டிருந்த வடகம் அத்தனையும் மிதந்து போனது. அவள் திட்டிய திட்டு முதலில் விழுந்த இடியைவிடப் பெரிசாக இருந்ததால், கொம்பையா மைக்கை அவள் பக்கம் திருப்பி வைத்தான்.

அன்று சாயங்காலம் செண்பகத்திடமிருந்து போன் வந்தது. ஆவுடையப்பன் வாளிக்குள் பாய்ந்து மூக்கால் எடுத்தான்.

"ஏங்க, தலைவர் தோட்டத்துல மதியம் பூரா நின்னீகளா?"

"நின்னேன் செம்பகம். அடிகூட வாங்கினேன்."

"அங்க மழையாமே? எங்கயும் ஒரு பொட்டு இல்லையேன்னு சண்முகக்கனி அக்காகிட்டக் கேட்டேன். ஆமா, ஒங்க வீட்டுக்கும் எங்க வீட்டுக்கும் மட்டும் பெஞ்சுதுன்னு அழுதாக." பிறகு குரல் இறங்கியது. "இத்தன வருசத்துல நீங்க சொன்னதும் நடந்ததும் ஒண்ணா இருக்குதது இப்பத்தான். இன்னும் ஒரு நாள் டைரியப் பாக்கேன். சரியா இருந்துச்சுன்னா வாரேன்."

ஆவுடையப்பனுக்கு வாளிக்குள்ளேயே கண்ணீர் கொட்டியது. போன் நனைந்துவிடாமல் இருக்க கொம்பையா அவன் தலையைப் பிடித்து வெளியே இழுத்தான்.

இன்னும் ஒரே ஒரு நாள். அந்த ஒரு நாளின் டைரியைப் பார்த்து அவள் மனம் குளிர வேண்டும். "மாமியார் வீட்டுக்குப் போனார்னு இருந்தா மதினிக்கு எப்படி இருக்கும்!" என்றான் பேச்சிமுத்து. ஆவுடையப்பனுக்கும் போக ஆசைதான். ஆனால் மறுநாள் ஒரு காதுகுத்துக்குக் குழாய் கட்ட ஒத்துக்கொண்டிருந்தார்கள். ஆகையால் வாளி மட்டும் போவது என்று முடிவாயிற்று. காலை பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்து மாமியார் வீட்டு அடையாளமும் சொல்லிவிட்டார்கள்.

அந்த நேரம் பார்த்து செண்பகத்துக்குப் பொறுமை போய்விட்டது. இன்னொரு நாள் என்ன கணக்கு, மனுசன் சாப்பிட்டாரோ இல்லையோ என்று எதிர் பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

காதுகுத்து முடிந்து மூவரும் வந்தபோது அவள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். உள்ளேயிருந்து கருவாட்டுக் குழம்பு மணத்தது. இரண்டே எட்டில் வாசற்படிக்குப் பாய்ந்த ஆவுடையப்பனைக் கொம்பையா சட்டையைப் பிடித்து நிறுத்தினான்.

"அண்ணாச்சி, எங்க போறீக? நீங்க இங்க இல்ல."

"என்னல சொல்லுத?"

"மதினி போனப் பாருங்க."

செண்பகம் போனை எடுத்துப் பார்த்தாள். "இன்று மாமியார் வீட்டுக்குப் போனார். அங்கேயே இருக்கிறார்" என்று இருந்தது.

ஆவுடையப்பன் தூக்கிய காலை மெதுவாக இறக்கி வைத்தான். "செம்பகம், நான் இப்ப உள்ள வந்தா டைரி பொய்யாயிரும். பொய்யானா நீ போயிருவ."

"எனக்கு டைரியும் வேண்டாம், ஒரு மண்ணாங்கட்டியும் வேண்டாம். உள்ள வந்து சாப்பிடுங்க!" என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"சோதிச்சுப் பாக்காக அண்ணாச்சி, ஏமாந்துராதீக" என்று காதில் ஓதினான் கொம்பையா.

ஆவுடையப்பன் குழம்பு வாசனையை ஒரு தடவை நன்றாக இழுத்துக்கொண்டான். "சங்கரன்கோவில் போயி என்னையக் கூட்டிக்கிட்டு வந்துருதேன். ஆறாம வச்சிரு" என்று சொல்லிவிட்டு, புறப்பட்டுக்கொண்டிருந்த பஸ்ஸுக்கு ஓடினான்.

செண்பகத்துக்கு நல்ல புத்திதான். ஆனால் கட்டிக்கொண்ட இடம் அப்படி. உடனே அம்மாவுக்குப் போன் போட்டு, அந்தப் பாழாய்ப்போன வாளியை அடுத்த பஸ்ஸில் இங்கே ஏற்றிவிடச் சொன்னாள். வாளி வந்துவிட்டால் மனுசனும் உள்ளே வந்துவிடுவார் என்று அவள் கணக்கு. பாதி வழியில் இரண்டு பஸ்ஸும் ஒன்றுக்கொன்று ஆரன் அடித்துக்கொண்டு விலகிப் போயின.

ஆவுடையப்பன் போய் இறங்கியபோது மாமியார் தோசை வார்த்துக்கொண்டிருந்தார். "வாங்க மாப்பிள்ளை. இப்பத்தான் ஒங்கள அனுப்பி வச்சேன்" என்றார். அவரும் எப்படியோ பழகிவிட்டிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் மாமியாரின் போனுக்குச் செண்பகம் கூப்பிட்டாள். அவள் குரலுக்குப் பின்னால் மேளச் சத்தம் கேட்டது. கொம்பையாவும் பேச்சிமுத்துவும் வாளிக்கு மாலை போட்டு, மைக் செட்டோடு வீட்டுக்கு அழைத்து வந்திருந்தார்கள்.

"எங்க இருக்கீக?" என்றாள் செண்பகம். குரல் களைத்திருந்தது.

"டைரி என்ன சொல்லுது?"

"வீட்டுக்கு வந்தார்னு போட்டிருக்கு."

ஆவுடையப்பன் கண்ணை மூடிக்கொண்டான். இத்தனை நாள் பட்ட பாடு, வாங்கிய குடையடி, நனைந்த நனைப்பு எல்லாம் வீண் போகவில்லை.

"அப்ப வந்துட்டேன். நாம சேந்துட்டோம், என்ன?" என்றான்.

"அண்ணாச்சி!" என்று தூரத்தில் கொம்பையாவின் குரல் ஸ்பீக்கரில் முழங்கியது. "ஒங்களுக்கு இலை போட்டாச்சு! மதினி குழம்பு ஊத்துதாக!"

"எப்படி இருக்கு குழம்பு?"

"அதை நீங்கதான சொல்லணும்!"

ஆவுடையப்பன் போனை மாமியாரிடம் கொடுத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. மாமியார் தட்டில் இரண்டு தோசையை வைத்து நீட்டினார்.

"வேண்டாம் அத்தை. இப்பத்தான் வீட்டுல சாப்பிட்டுக்கிட்டிருக்கேன்."

அந்த நேரம் அவன் வயிறு கடமுடவென்று சத்தம் போட்டது. ஆவுடையப்பன் குனிந்து அதை ஒரு தட்டுத் தட்டினான்.

"சும்மா கிட. டைரியில இல்லாததையெல்லாம் நீ பேசப்படாது."