எங்கே கிளம்பிட்டீங்க?

வெகு வெகு காலத்துக்கு முன்னால், மருதநாட்டு ராஜா கண்ணை மூடியதும், அவருடைய பிள்ளைகள் இரண்டு பேரும் ஒரே சிம்மாசனத்துக்கு அடித்துக்கொண்டார்கள். நாடே இரண்டாகிப் போனது. படைத்தலைவி பேச்சி மூத்தவர் பக்கம். அவள் தூக்கி வளர்த்த தம்பி சுடலை இளையவர் பக்கம்.

இளையவருக்குத் துணையாக ஏழு கடல் தாண்டி ஊமத்தன் என்ற மந்திரவாதி வந்து சேர்ந்தான். வீரர்களின் நெற்றியில் கறுப்பு மை தடவினான். மை பட்டவன் கண்ணுக்குத் தெரியமாட்டான். பெற்றவளே எதிரில் நின்றாலும் அவனுக்கு அடையாளம் தெரியாது.

ஒருநாள் காலை, ஆற்றங்கரையில் பேச்சியின் படை கஞ்சி குடித்துக்கொண்டிருந்தது. ஆளே இல்லாமல் கத்திகள் மட்டும் பாய்ந்து வந்தன. ஒன்று பேச்சியின் இடது கையைக் கிழித்தது. அவள் விட்ட உதையில், வெட்டியவன் பொத்தென்று உட்கார்ந்தான். உட்கார்ந்ததும் மை பொலபொலவென்று உதிர்ந்தது. பார்த்தால் சுடலை.

"அக்கா..." என்று ஆரம்பித்தான். அதற்குள் ஊமத்தன் அவனைத் தூக்கி நிறுத்தி, மறுபடி மையைத் தடவிவிட்டான்.

பேச்சி படையோடு பின்வாங்கினாள். தம்பியை வெட்டவும் முடியாது, விடவும் முடியாது. எப்படி உட்காரவைப்பது? யோசித்தாள், யோசித்தாள், சட்டென்று சிரித்தாள்.

"எல்லாரும் செம்பு நிறையத் தண்ணி எடுத்துக்கிட்டு நாணலுக்குள்ள பதுங்குங்க. அங்க இருக்கிறதும் நம்ம வீட்டுப் பிள்ளைங்கதான். ஒரு உயிர் போகக் கூடாது."

"தண்ணிய வச்சா சண்ட போடப் போறோம், தாயீ?" என்றான் ஒரு வீரன்.

"ஆமா."

ஆற்றங்கரையில் ஊமத்தன், "கோட்டைக்குக் கிளம்புங்கள்" என்று கத்தினான். கத்திகள் நிமிர்ந்தன. பேச்சி தன்னந்தனியாக எதிரே வந்து நின்றாள். கையில் ஒரு குச்சிகூட இல்லை. அந்த நெஞ்சழுத்தம் யாருக்கு வரும், சொல்லுங்கள்.

"எங்கப்பா கிளம்பிட்டீங்க?" என்று கேட்டாள். கத்திகள் தயங்கின.

"எல்லாருமா எங்க கிளம்பிட்டீங்க?" கத்திகள் நின்றன.

"அட, எங்கதான்யா கிளம்பிட்டீங்க?"

"சே, போற நேரத்துல எங்கன்னு கேட்டுட்டாளே" என்று ஒரு முனகல். கிளம்பும்போது அப்படிக் கேட்டால் போகிற காரியம் உருப்படுமா? உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தானே நம் ஆட்கள் மறுபடி கிளம்புவார்கள். மொத்தப் படையும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தது. ஊமத்தன் அவர்களுடைய பேரை மறக்கடித்திருந்தான், உறவை மறக்கடித்திருந்தான். இப்படி ஒரு பழக்கம் இருப்பதே அந்த அசலூர்க்காரனுக்குத் தெரியாது.

மை உதிர்ந்தது. நாணலிலிருந்து பேச்சியின் ஆட்கள் பாய்ந்தார்கள். ஒரு கையால் கீழே கிடந்த கத்தியை அள்ளினார்கள், மறு கையால் செம்பை நீட்டினார்கள். மாமனும் மச்சானும் ஒருவரையொருவர் அடையாளம் கண்டு கட்டிக்கொண்டு அழுதார்கள். ஊமத்தன் எடுத்த ஓட்டம் ஏழு கடலுக்கு அப்பால்தான் நின்றது. இளையவர் வெட்கப்பட்டு அண்ணன் காலில் விழுந்தார். இரண்டு பேரும் சேர்ந்து, இரண்டு படைக்கும் பேச்சியையே தளபதியாக்கினார்கள்.

சுடலை மட்டும் அக்காவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"யாருக்கா வெட்டினது?"

"யாருக்குடா தெரியும்? கண்ணுக்கே தெரியாத படையில்ல" என்றாள் பேச்சி. "நீ தண்ணியக் குடி."