ராசா பொம்மையில உக்காந்த காக்கா

ஏழு சூளை புகையுற வண்டல்பட்டியில மூக்காயின்னு ஒரு பொம்மைக்காரி இருந்தாளாம். அந்த ஊருக்கே களிமண்ணுதான் சோறு போட்டுச்சு. ஒரு வீட்டுல கொலுவுக்குச் செட்டியார் பொம்மை செய்வாங்க, ஒரு வீட்டுல அய்யனாருக்குக் குதிரை செய்வாங்க, மூக்காயி புது வீட்டுக்குக் கட்டுற திருஷ்டி பொம்மை செய்வா. ஒரு மாசம் இவங்களுக்கு விக்கும், ஒரு மாசம் அவங்களுக்கு விக்கும், விக்காத வீட்டுக்கு வித்த வீட்டுல இருந்து கூழ் போகும். அப்படியே வருஷம் ஓடிடும்.

அந்த நாட்டு ராசாவுக்கு மூளை ரொம்ப. செலவாகிடும்னு அவர் அதைத் தொடுறதே இல்ல. எல்லாத்துக்கும் மந்திரி ஏகாம்பரம்தான். உருட்டு முழி, முறுக்கு மீசை. நீங்க அவரைப் பார்த்திருந்தா இப்படிச் சிரிச்சுக்கிட்டு உக்காந்திருக்க மாட்டீங்க.

அந்த மந்திரி ஒருநாள், "மகாராசா, வண்டல்பட்டியில ஆளுக்கொரு பொம்மை செய்றாங்க, ஒரே குழப்பம். எல்லாரும் உங்க உருவத்தை மட்டும் செஞ்சா நாட்டுக்கே அழகு. அச்சுகூட என் மச்சான்கிட்ட தயாரா இருக்கு" ன்னாராம்.

"எனக்கும் அதேதான் தோணுச்சு" ன்னாராம் ராசா. அவருக்கு எங்க தோணுச்சு.

உடனே சட்டம் வந்துச்சு. செட்டியார் செஞ்சா சூளையை இடிப்போம், குதிரை செஞ்சா சூளையை இடிப்போம், திருஷ்டி பொம்மை செஞ்சாலும் சூளையை இடிப்போம்னு. ஊரே ராசா ராசாவா செஞ்சு தள்ளுச்சு. முதல் மாசம் வீட்டுக்கு ஒரு ராசா வாங்கினாங்க. அடுத்த மாசம் ஒருத்தரும் வரல. ஒரு வீடு எத்தனை ராசாவைத்தான் தாங்கும்? எல்லாருக்கும் ஒரே பொம்மை, அதனால எல்லாருக்கும் ஒரே நேரத்துல பட்டினி. கூழ் கொடுக்கவும் ஒரு வீடு இல்ல. மூணாம் மாசம் ஊரையே காலி பண்ணலாம்னு பாயைச் சுருட்டிட்டாங்க.

அப்போ பாத்து ஒரு கொத்தனார் வந்து, "அக்கா, வீடு கட்டுறோம், திருஷ்டிக்கு எதையாச்சும் கொடு" ன்னான்.

மூக்காயி ஒரு ராசாவை எடுத்து நீட்டினா. "சட்டப்படி இதுதான் தம்பி இருக்கு. கட்டித் தொங்கவிடு. இதைப் பார்த்தப்புறம் எவன் அந்த வீட்டு மேல கண்ணு வைப்பான்?"

அப்புறம் என்ன, கொத்தனாருங்க வரிசையில நின்னாங்க.

கொஞ்ச நாள் கழிச்சு ராசா மந்திரியோட நகர்வலம் வந்தார். முதல் தெருவுல பார்த்தா, கயித்துல தொங்குறார். ரெண்டாம் தெருவுல பார்த்தா, பழைய செருப்போட தொங்குறார். மூணாம் தெருவுல பார்த்தா, தலையில ஒரு காக்கா உக்காந்து அது வேலையைப் பார்த்துக்கிட்டு இருக்கு.

"யார் செஞ்ச வேலை இது?" ன்னு ராசா கத்தினார்.

"நான்தான் சாமி" ன்னு அங்க பொம்மை விக்க வந்திருந்த மூக்காயி கும்பிட்டா. "வேற பொம்மை கூடாதுன்னுட்டீங்க. வீடு கட்டினா திருஷ்டிக்கு ஒண்ணு தொங்கணுமே, வேற யாரைத் தொங்கவிட? பழையபடி எங்க பொம்மையைச் செய்ய விட்டீங்கன்னா, உங்களை இப்பவே இறக்கிடுறோம்."

பொறந்ததுல இருந்து முதல் தடவையா ராசா யோசிச்சாராம். மந்திரியைப் பார்த்தார், அந்த முழியைப் பார்த்தார், அந்த மீசையைப் பார்த்தார். "அவங்கவங்க பொம்மையை அவங்கவங்க செய்யுங்க. திருஷ்டி பொம்மைக்கு மட்டும் இந்த மூஞ்சியை வைங்க" ன்னுட்டாராம்.

ஏழு சூளையும் பழையபடி புகைஞ்சுது. மச்சானோட அச்சு ஆட்டுக்குத் தண்ணி வைக்க ஆச்சு.

அதான் இன்னைக்கும் புது வீட்டு வாசல்ல உருட்டு முழியும் முறுக்கு மீசையுமா ஒருத்தர் தொங்குறார். அடுத்த தடவை பார்த்தா, "மந்திரியய்யா, சௌக்கியமா?" ன்னு ஒரு வார்த்தை கேளுங்க.

சூளையை மூடியாச்சு, கதையையும் மூடியாச்சு.