கடைசி வீட்டுப் பிச்சை

"அந்தக் கடைசி வீட்டுக்கு மட்டும் இனி நான் பிச்சைக்குப் போகமாட்டேன், அம்மா" என்றார் சங்கரலிங்கம்.

மடத்துத் தலைவியான அம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"ஏன்? சோறு போடலையா?"

"போடுதாரு. அதுதான் கஷ்டம். எண்பது வயசு, முழங்கால் மடங்காது. நான் கதவைத் தட்டினா அவரு எந்திரிச்சு வாறதுக்குள்ள எனக்கு உயிரே போகுது. தனியாக் கெடக்குத மனுசன்கிட்டப் போய் கையேந்தித் திங்கணுமா?"

"நின்னு வாங்கிட்டு வாரும்" என்றார் அம்மை.

அவ்வளவுதான். அதற்குமேல் கேட்டால் கீரைதான் பதில் சொல்லும்.

ஆற்றங்கரையில் இருந்த அந்தச் சின்ன மடத்தில் சீடர்கள் மதியச் சோற்றை ஊருக்குள் போய்ப் பிச்சை வாங்கித்தான் சாப்பிட வேண்டும். யார் எந்த வீட்டு வாசலில் நிற்பது என்று அம்மை சொல்வார். வசதியான வீடுகளை விட்டுவிட்டு, வயசாளிகள் தனியாகக் கிடக்கும் வீடுகளாகப் பார்த்துச் சொல்வார். சங்கரலிங்கம் அரசாங்க வேலையில் ஓய்வுபெற்ற பிறகு மடத்துக்கு வந்தவர், அம்மையைவிட மூத்தவர். இந்த அம்மாளுக்கு நெஞ்சில் ஈரமே கிடையாது என்பது அவருடைய தீர்மானம்.

கடைசி வீட்டுக்காரர் பெயர் கோமதிநாயகம். பஸ் கண்டக்டராக இருந்தவர். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள், பிள்ளைகள் வெளியூரில். குரல் மட்டும் இன்னும் பஸ்ஸிலேயே இருந்தது.

"நேரங்கழிச்சு வாரீரு! குழம்பு ஆறிப் போச்சு!" என்று உள்ளேயிருந்தே சத்தம் போடுவார். பிறகு சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, காலைத் தாங்கித் தாங்கி வந்து சேர்வார்.

"நேத்துக் குழம்பு எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு."

"பொய் சொல்லுதீரு. உப்பே போடலை நான்."

அவரே சிரித்துக்கொள்வார். "நாளைக்கு என்ன வைக்கட்டும்? கத்திரிக்கா ஆகுமா உமக்கு? காய்க்காரிகிட்டச் சொல்லி வைக்கணும்."

சங்கரலிங்கத்தின் கண்ணுக்கு நடுங்கும் அந்தக் கரண்டி மட்டும்தான் தெரிந்தது.

பங்குனியில் அம்மை வெளியூர் மடத்துக்குப் போனார். திரும்பிவர ஆடி ஆகும் என்றார்கள். சங்கரலிங்கம் சும்மா இருப்பாரா? மடத்துக்கு வந்துபோகும் அரிசி ஆலைக்காரரிடம் பேசி, அவர் வீட்டிலிருந்து கோமதிநாயகத்துக்குத் தினமும் ஒரு கேரியர் சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்துவிட்டார். சாம்பார், பொரியல், தயிர், ஒன்றும் குறையில்லை.

"இனிமே நீங்க அடுப்புப் பக்கமே போக வேண்டாம். எந்திரிச்சும் வர வேண்டாம். நான் கதவுல மாட்டிட்டுப் போயிடுதேன்."

"அப்ப நீரு எங்க சாப்பிடுவீரு?" என்று கேட்டார் கோமதிநாயகம்.

"எனக்கென்ன, வேற வீடா இல்லை?"

கோமதிநாயகம் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார். "சரி" என்றார். பக்கத்து வீட்டுக்குக்கூடக் கேட்டிருக்காது.

அன்று சங்கரலிங்கத்துக்கு மனசு நிறைந்திருந்தது. பாவி மனுசன், நிம்மதியாகத் தூங்கினார்.

புதுக் கேரியரை மாட்டுவது, பழைய கேரியரை எடுத்துவருவது. வேலை சுலபமாகிவிட்டது. முதலில் கழுவிய பாத்திரம் தொங்கியது. பிறகு கழுவாத பாத்திரம். பிறகு பாதிச் சோறு அப்படியே இருந்தது. வயசானால் பசி குறையும்தானே என்று நினைத்துக்கொண்டார். கதவைத் தட்டவில்லை. தட்டினால், பாவம், எழுந்து வர வேண்டுமே.

ஒருநாள் மாட்டிய கேரியர் மறுநாளும் மாட்டியபடியே இருந்தது. மகன் வந்து கூட்டிப்போயிருப்பான் என்று திரும்பிவிட்டார். அதற்கு மறுநாள், வாசலை நெருங்கும் முன்பே வாடை வந்தது.

கதவை உடைத்தார்கள். கோமதிநாயகம் கட்டிலில் செத்துக் கிடந்தார். முகம் முழுக்க மழிக்காத தாடி. அடுப்பில் ஒட்டடை.

காய்க்காரி வாயில் அடித்துக்கொண்டு அழுதாள். "மடத்துச் சாப்பாடு வருதுன்னாக. சௌரியமா இருக்காருன்னுல்லா நெனச்சேன். காய் வாங்க வந்தே எம்புட்டு நாளாச்சு! எட்டிக்கூடப் பாக்கலையே நான்!"

ஆடியில் அம்மை திரும்பி வந்தார். சங்கரலிங்கம் காலில் விழுந்தார்.

"நான் அவரைப் பட்டினி போடலையே, அம்மா. நல்ல சாப்பாடு. ஒருநாள் தவறினதில்லை. நான் செஞ்ச தப்பு என்ன?"

அம்மை அவரை எழுப்பி நிறுத்தினார். அவரைக் கொல்லைப்பக்கத்து அறைக்குக் கூட்டிப்போய்க் கட்டிலைக் காட்டினார்.

"களைச்சுப் போயிருக்கீரு. இனி நீரு எங்கயும் போக வேண்டாம். சோறு வாசலுக்கு வரும்."

"முற்றம் பெருக்கணுமே?"

"வேற ஆள் இருக்கு."

"பூசைக்குப் பூ?"

"அதுக்கும் ஆள் இருக்கு."

அம்மை தன்னை மன்னித்துவிட்டார் என்று நினைத்து அவர் அழுதார்.

சோறு தவறாமல் வந்தது. வைத்துவிட்டுப் போகிறவரின் காலடிச் சத்தம் மட்டும் கேட்கும். முதலில் சில நாள் கூப்பிட்டுப் பார்த்தார். நின்று பதில் சொல்வார் இல்லை. குளித்தால் என்ன, குளிக்காவிட்டால் என்ன என்று ஆனது. போகப் போக எழுந்து சோற்றை உள்ளே எடுத்து வைப்பதே பெரும்பாடாக இருந்தது. கண்ணை மூடினால் தூக்கம், திறந்தால் மேலே கூரை உத்தரம். செத்தால்தான் என்ன என்று ஒரு மதியம் நினைத்தார். அப்படி நினைத்ததில் அவருக்குப் பயம்கூட வரவில்லை.

அப்போது யாரோ கதவைத் தட்டினார்கள்.

"பசிக்குது, சங்கரலிங்கம்." அம்மையின் குரல். "ஏதாவது இருந்தாப் போடும்."

"என்கிட்ட என்ன இருக்கு, அம்மா? நேத்துச் சோறுதான். புளிச்சுக் கெடக்கு."

"இருக்கதைப் போடும். நிக்கேன்."

எழுந்தார். தலை சுற்றியது. வேட்டியை உதறிக் கட்டினார். முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டார். சோற்றில் கெடாத பக்கமாகப் பார்த்துப் பார்த்து ஒதுக்கி எடுத்தார். கதவைத் திறப்பதற்குள் வெகுநேரம் ஆகிவிட்டது.

அம்மை வெயிலில் இரண்டு கையையும் ஏந்தியபடி நின்றிருந்தார்.

அந்தக் கையில் சோற்றை வைத்தார். அம்மை அங்கேயே நின்று, கடைசிப் பருக்கை வரை தின்றுவிட்டுப் படியிறங்கினார்.

"அம்மா!" என்றார் சங்கரலிங்கம். கதவைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டார்.

"நாளைக்கும் வருவீங்களா?"