சென்னியப்பன் சேர்த்த வான் மைல்கள்

பொய்யை அளந்து பேசுவது பொய்க்கே செய்யும் அவமரியாதை என்று கருதியவர், கோயமுத்தூர் பீளமேட்டில் குடியிருந்த சென்னியப்பன். பம்புசெட்டு நிறுவனம் ஒன்றின் விற்பனை அதிகாரியாக நாடெங்கும் பறந்து ஓய்வு பெற்றவர். அவருடைய மனைவி மயிலாத்தாளோ சொன்னதைச் சொன்னபடியே நம்பிவிடும் நெஞ்சம் வாய்த்தவள். இப்படிப்பட்ட இருவரை ஒரே கூரையின்கீழ் சேர்த்துவைத்த இறைவனின் திருவுளம் என்னவென்று சொந்தக்காரர்கள் வெகுகாலம் யோசித்து, விடை காணாமல் விட்டுவிட்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக் கூடத்தில் பொட்டலங்கள் குவிந்து கிடந்தன. மெல்போர்னில் இருக்கும் மயிலாத்தாளின் தங்கை கமலவேணியின் ஒரே மகளுக்கு வருகிற முகூர்த்தத்தில் கல்யாணம். அவர்கள் அங்கே குடியேறுமுன் அந்தப் பெண்ணை ஐந்து வயதுவரை இடுப்பில் சுமந்து சோறூட்டி வளர்த்தவள் மயிலாத்தாள்தான். பெரியம்மா வராமல் மணவறை ஏறமாட்டேன் என்று பெண் பிடிவாதமாகச் சொல்லியிருந்தாள். ஆகவே மயிலாத்தாள் புறப்படுகிறாள் என்று கேள்விப்பட்ட உறவெல்லாம் கொள்ளுப்பொடி, நார்த்தங்காய் ஊறுகாய், ஈரோட்டு மஞ்சள், பட்டுச்சேலை என்று ஆளுக்கொன்றைக் கட்டி எடுத்துக்கொண்டு வந்துவிட்டது. விசா உட்பட எல்லாம் வந்தாயிற்று. டிக்கெட் ஒன்றுதான் வரவில்லை.

கமலவேணி தானே டிக்கெட் எடுத்து அனுப்புவதாகவும், சரி என்று அக்காள் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றும் தொலைபேசியில் பலமுறை கெஞ்சிவிட்டாள். அந்த ஒரு வார்த்தையை மயிலாத்தாள் சொல்லவில்லை. அதற்குக் காரணம் சென்னியப்பனின் மைல்கள்.

அடிக்கடி பறப்பவருக்கு விமான நிறுவனம் வரவுவைக்கும் புள்ளிகளுக்குத்தான் மைல் என்று பெயர். பறந்தாலும் சேரும், கிரெடிட் கார்டில் சாமான் வாங்கினாலும் சேரும். போதுமானது சேர்ந்துவிட்டால் வெளிநாட்டுக்கே இலவசமாகப் பறக்கலாம் என்பது வாக்கு. "உன்ற மெல்போர்ன் டிக்கெட் என்ற சட்டைப்பையில இருக்குது அம்மிணி" என்று சென்னியப்பன் சொல்லிக்கொண்டே இருந்தார். அதை நம்பி மயிலாத்தாள் தனக்குப் பிடித்த சேலைக்கடையைக்கூட விட்டுவிட்டு, கார்டு தேய்க்கும் கடையாகப் பார்த்துப் போனாள். இப்போது தங்கையிடம் டிக்கெட் வாங்கினால் கணவரின் வாக்கு சபையில் பொய்த்துப்போகுமே என்று தயங்கினாள்.

மயிலாத்தாளின் அண்ணன் நாச்சிமுத்து லாரி ஆபீஸ் வைத்திருப்பவர். சரக்கு ஏறாமல் வண்டி நிற்பது அவருக்குப் பிடிக்காது. தம்முடைய மனைவி தெய்வானை கொண்டுவந்த மாங்காய் வற்றலைக் குவியலின் உச்சியில் வைத்துவிட்டு, எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"ஏனுங்க மாப்ள, பொட்டலமெல்லாம் வந்துருச்சு. டிக்கெட் வந்துருச்சுங்களா?"

பொட்டலத்தோடு உள்ளே போய்க்கொண்டிருந்த மயிலாத்தாள் நிலைப்படியில் நின்றாள். சென்னியப்பன் மோரை ஒரு மிடறு குடித்து, மேல்துண்டால் மீசையை ஒற்றி, சாய்ந்து உட்கார்ந்தார்.

"டிக்கெட்டுங்கறது பெரிசில்லீங்க மச்சான். அதை மைல்ல வாங்கறது இருக்குது பாருங்க, அது தவம்."

முதலில் அந்தத் தவத்தின் பூர்வாங்கம் வந்தது. தாம் வடக்கே பறந்த பறப்பில் நாகபுரிக்கு மேலுள்ள மேகங்கள் அத்தனையும் தமக்கு முகம் தெரிந்தவை என்றார். ஒருமுறை விமானி வழி தடுமாறி, பயணிகள் பக்கம் வந்து, சென்னியப்பன் ஐயா இருக்கிறாரா என்று கைகூப்பிக் கேட்டாராம். இவர் போர்வையைக்கூட விலக்காமல், இன்னும் சற்றுத் தூரத்தில் ஒரு மேடு வரும், அது தாண்டியதும் இடப்பக்கம் ஒடித்துத் திருப்புங்கள் என்று சொல்லித் தில்லியில் கொண்டுபோய் இறக்கினாராம். வானத்தில் ஏது மேடு என்று நாச்சிமுத்து கேட்டார். இத்தனை விமானம் தினமும் ஓடினால் பாதை மேடுபள்ளம் ஆகாதா, லாரி ஆபீஸ் வைத்திருப்பவருக்கு இதுகூடவா தெரியாது என்று சென்னியப்பன் வருத்தப்பட்டார்.

அப்படிச் சேர்த்த மைலைக் கொண்டு மெல்போர்னுக்கு ஓர் இருக்கை கேட்கப்போனாராம். கோபுரத்தைப் பார்த்து நடக்க நடக்கக் கோபுரம் பின்வாங்கினால் அடியார் கதி என்ன ஆகும்? இவர் ஒரு லட்சம் சேர்த்தால் அவர்கள் இரண்டு லட்சம் என்றார்களாம். இரண்டு சேர்த்தால் நான்கு. கடைசியில் மனிதரிடமே பேசித் தீர்த்துக்கொள்வோம் என்று விமான நிறுவனத்துக்குத் தொலைபேசினார். சற்றுக் காத்திருங்கள் என்று ஒரு குரல் சொல்லிற்று. உடனே குழலிசை தொடங்கிற்று.

"அன்னிக்கு முத்தத்துல ஒரு வாழக்கன்னு நட்டு வெச்சனுங்க. அது கொல தள்ளி, பழுத்து, பழம் பழனிக்குப் போயி, பஞ்சாமிர்தமாகி, அந்தப் பிரசாதம் நம்ம ஊட்டுக்கே திரும்பி வந்துச்சு. நான் ஒரு கையில போனைப் புடிச்சுக்கிட்டு மறு கையில பிரசாதம் வாங்குனனுங்க. குழலு நிக்கல."

தெய்வானை முகத்தை நேராக வைத்துக்கொண்டு, அந்தக் குழலிசையைக் கொஞ்சம் பாடிக்காட்டும்படி கேட்டாள். "பாடலாந் தங்கச்சி. ஆனா நான் கேட்டது பல்லவி வரைக்குந்தான். சரணத்துக்கு அவிங்க இன்னும் வரவே இல்ல" என்றார் சென்னியப்பன். முடிவில் குழலிசையை நிறுத்தி ஓர் அம்மாள் பேசினாளாம். காத்திருக்கச் சொன்னபோது கல்யாணமாகாத பெண்ணாக இருந்தவள், அன்றோடு ஓய்வு பெறுவதாகவும் இனித் தன் மகளிடம் பேசிக்கொள்ளும்படியும் சொல்லி விடைபெற்றாளாம். மகள் தாயைப்போலவே குணவதி. முதலில் குழலிசையைப் போட்டாளாம்.

அந்தக் குணவதியின் கருணையால் ஓர் இருக்கை அகப்பட்டது. கோயமுத்தூரில் ஏறி, வடதுருவத்தில் இறங்கி, அங்கிருந்து பெரு நாட்டுக்குப் போய், மறுபடியும் கோயமுத்தூர் வந்து, பீளமேட்டிலேயே வேறு விமானம் மாறினால் மெல்போர்ன். நாளும் குறித்துக் கொடுத்தார்கள். பிப்ரவரி முப்பது.

சபை சிரித்தது. நாச்சிமுத்துவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. மயிலாத்தாள் மட்டும் பொட்டலத்தை மார்போடு அணைத்தபடி கேட்டாள்.

"அந்த முப்பதாந்தேதி முகூர்த்தத்துக்கு முன்னாலயா, பின்னாலயாங்க?"

சிரிப்பு சட்டென்று நின்றது. சென்னியப்பன் மனைவியைப் பார்த்தார். பார்த்த பார்வையில் ஏதோ கலங்கியது போலிருந்தது. ஆனால் வெள்ளத்தில் இறங்கியவர் கரையேறுவதற்குப் பதிலாக இன்னும் ஆழத்துக்கே நடந்தார். கட்டிய மனைவியை முன்பின் தெரியாத வழியில் அனுப்பக்கூடாது என்று, முதலில் தாமே அந்த டிக்கெட்டில் ஒரு நடை போய்ப் பார்த்து வந்துவிட்டதாகச் சொன்னார். எப்போது போனீர்கள் என்று நாச்சிமுத்து கேட்டார். மயிலு கரூர்க் கல்யாணத்துக்குப் போயிருந்தபோது என்று பதில் வந்தது.

மயிலாத்தாளுக்குக் கரூர் நினைவிருந்தது. உப்பு எந்த டப்பாவில், புளி எந்த ஜாடியில் என்று வேளைக்கு வேளை அவர் வீட்டிலிருந்து போன் செய்ததும் நினைவிருந்தது. வடதுருவத்திலிருந்து யாரும் புளி ஜாடி எங்கே என்று கேட்கமாட்டார்கள். இத்தனை வருஷம் அவள் நெஞ்சில் சுடர்விட்ட விளக்கொன்றில் எண்ணெய் வற்றிற்று. டிக்கெட் அவருடைய சட்டைப்பையில் இல்லை. எந்தப் பையிலும் இல்லை. அவள் ஓசையில்லாமல் உள்ளறைக்குப் போய், கதவை ஒருக்களித்துச் சாத்தி, தங்கையைக் கூப்பிட்டாள்.

"சரி கண்ணு. அனுப்பு" என்றாள். மறுமுனையில் கமலவேணி அழுதாள். வியாழக்கிழமை விமானத்துக்கு எடுத்துவிடுவதாக அழுகையினூடே சொன்னாள்.

கூடத்திலிருந்து சென்னியப்பனின் குரல் சுவரைக் கடந்து வந்துகொண்டிருந்தது. விமானத்தில் ஏறிவிட்டாராம். மைலுக்குக் கொடுத்தது இருக்கை மட்டுமே. சாய்வதற்குத் தனி மைல், சன்னல் வழியே பார்ப்பதற்குத் தனி மைல், பக்கத்துக்காரர் தும்மினால் வாழ்த்துச் சொல்வதற்குத் தனி மைல். அப்படியே மெல்போர்ன் வானத்துக்கு வந்து சேர்ந்தார்கள். விமானம் கீழே இறங்கிற்று. இவருடைய இருக்கை இறங்கவில்லை. பறப்பதற்குத்தான் மைல் கட்டியிருக்கிறீர்கள், தரையிறங்குவதற்குக் கட்டவில்லை என்று பணிப்பெண் பணிவோடு சொல்லிவிட்டுப் போனாளாம். விமானமும் பயணிகளும் தரையில். சென்னியப்பனும் இருக்கையும் ஆகாயத்தில்.

மயிலாத்தாள் பெட்டி எடுப்பதற்காக முக்காலி போட்டு ஏறிப் பரணைத் துழாவினாள். பழைய தகரப்பெட்டியை இழுத்தபோது அதன் பின்னால் பழைய போர்வை மூடிய ஏதோ ஒன்று கையில் தட்டுப்பட்டது. போர்வையை விலக்கினாள். புத்தம்புதிய சூட்கேஸ். நீல நிறம், நான்கு சக்கரம், முகப்பில் விமான நிறுவனத்தின் பறவைச் சின்னம். பிடியில் ஒரு பித்தளைத் தகடு தொங்கிற்று. எங்கள் அரும்பெரும் பயணி சென்னியப்பன் அவர்களுக்கு, அவர் சேர்த்த அனைத்து மைல்களுக்கும் ஈடாக, அன்புடன் என்று அதில் பொறித்திருந்தது.

அவள் முக்காலியின்மேல் அப்படியே நின்றாள். போன மாதம் கூரியர் வந்தபோது, மாதிரிப் பம்பு ஒன்று வந்திருக்கிறது என்று அவரே வாசலில் வாங்கிக்கொண்டு, வியர்க்க விறுவிறுக்க உள்ளே கொண்டுபோனது ஞாபகம் வந்தது. கேட்டிருக்கிறார். கெஞ்சியிருக்கிறார். மைல்கள் காலாவதியாகும் நாள் நெருங்கவும், கொடுத்ததை வாங்கிக்கொண்டு, அதைச் சொல்ல நாவெழாமல் பரணில் ஒளித்திருக்கிறார். அவளுக்குக் கோபம் வரவேண்டிய இடம் அது. ஏனோ வரவில்லை. கூடத்துக் குரல் ஏன் நேரம் ஆக ஆக உயர்ந்துகொண்டே போயிற்று என்பது மட்டும் விளங்கிற்று.

சூட்கேஸை இறக்கி, பொட்டலங்களை ஒவ்வொன்றாக அடுக்கத் தொடங்கினாள். குரல் தொடர்ந்தது. ஆகாயத்தில் தமக்குப் பக்கத்திலேயே இன்னோர் இருக்கை மிதந்ததாம். அதில் தலைப்பாகை கட்டிய கிழவர் ஒருவர், தாடி காலுக்குக் கீழே இரண்டு மேகம்வரை தொங்க, வீற்றிருந்தாராம். மாட்டுவண்டிக் காலத்தில் மைல் சேர்த்து, ரங்கூனில் இருக்கும் மனைவியைப் பார்க்கப் புறப்பட்டவர். இறங்குவதற்குத் தேதி கிடைக்காமல் அன்று முதல் அங்கேயே இருக்கிறாராம். சாப்பாட்டுக்கு என்ன செய்தார் என்று தெய்வானை கேட்டாள். மழைக்காலத்தில் மழை, மற்ற காலத்தில் விரதம் என்று பதில் வந்தது.

"அது கெடக்கட்டும் மாப்ள. நீங்க எப்படிக் கீழ வந்தீங்க?"

"பூமிதான் சுத்திக்கிட்டே இருக்குதுங்களே மச்சான். நான் சும்மா உக்காந்திருந்தேன். கோயமுத்தூர் அடியில வந்துச்சு. பொள்ளாச்சி ரோட்டுல தேங்கா நார் காயப்போட்டிருந்த எடமாப் பாத்துக் குதிச்சுட்டனுங்க."

அவ்வளவு தூரம் சுற்றி வந்ததற்கும் மைல் வரவாயிற்றாம். முன்பைவிட இரண்டு மடங்கு. அப்படியானால் டிக்கெட்டுக்கு என்ன தடை என்று நாச்சிமுத்து விடாமல் பிடித்தார். உள்ளறையில் மயிலாத்தாளின் கைகள் நின்றன.

சென்னியப்பனின் குரல் சட்டென்று தாழ்ந்து, தழுதழுத்து வந்தது. இத்தனை காலம் மனைவி முகம் காணாமல் அந்தரத்தில் தவிக்கும் ஓர் ஆத்மாவைப் பார்த்தபிறகு, அந்த மைலைத் தமக்கென்று வைத்துக்கொள்ள மனம் ஒப்பவில்லையாம். அவ்வளவையும் கிழவர் பெயருக்கு மாற்றிவிட்டாராம். "இந்நேரம் அவரு ரங்கூன்ல எறங்கியிருப்பாருங்க" என்று முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். யாரும் சிரிக்கவில்லை. துடைத்த கண்ணில் நிஜமாகவே ஈரம் இருந்தது.

அப்போது சக்கரச் சத்தம் கேட்டது. மயிலாத்தாள் நீலச் சூட்கேஸைத் தள்ளிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். பித்தளைத் தகட்டைப் பிடியின் உட்பக்கம் செருகி மறைத்திருந்தாள். முகப்புப் பறவையை மறைக்க வழியில்லை. பெட்டி சூல்கொண்ட பசுவைப்போல் வயிறு பிதுங்கி நின்றது. ஜிப்பின் இரு கரைகளும் ஒன்றையொன்று எட்டிப் பார்த்தபடி தூரத்தில் கிடந்தன.

"ஏனுங்க, கமலவேணி டிக்கெட் அனுப்பிட்டா. வியாழக்கிழமை கெளம்பறனுங்க" என்றாள். "இது மூடமாட்டேங்குது. செத்த நேரம் மேல உக்காருங்க."

சென்னியப்பன் பெட்டியைப் பார்த்தார். பறவையைப் பார்த்தார். மனைவியின் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தில் ஏச்சும் இல்லை, ஏளனமும் இல்லை. பெட்டியை மூடவேண்டும் என்ற கவலை ஒன்றுதான் இருந்தது. அவர் எழுந்து வந்து, பெட்டியின்மேல் ஏறி உட்கார்ந்தார். மயிலாத்தாள் குனிந்து ஜிப்பை இழுத்தாள். பாதி தூரம் வந்தது.

"பெட்டி ஏதுங்கண்ணா, புதுசா இருக்குதே" என்றாள் தெய்வானை, பறவைச் சின்னத்தை உற்றுப் பார்த்து.

சென்னியப்பன் தொண்டையைச் செருமினார்.

"ரங்கூன்காரர் எறங்கறப்பக் குடுத்துட்டுப் போனாருங்க. வேண்டாம்னு எவ்வளவோ சொன்னேன்."

நாச்சிமுத்து எழுந்து வந்தார். பெட்டியின் பறவையையும், அதன்மேல் நிமிர்ந்து வீற்றிருந்த மைத்துனரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யாரு குடுத்தா என்னுங்க மாப்ள. இத்தன மைலுக்கு ஒரு வழியா உங்களுக்கு உக்கார எடங் கெடைச்சுருச்சு. நல்லா அழுத்தி உக்காருங்க, ஜிப்பு வரட்டும்."