கவனமாக ஏறுங்கள், மந்திரியாரே!

வெண்காந்தள் நாட்டு அரசன் சிங்கமுடியனுக்குத் திடீரென்று ஓர் ஆசை பிறந்தது. கோட்டை வாசலில் ஒரு மணிக்கூண்டு கட்ட வேண்டும். அதன் உச்சியில் நின்று பார்த்தால் பக்கத்து நாட்டு அரசன் பல் துலக்குவதுகூடத் தெரிய வேண்டும்!

வேலை மளமளவென்று நடந்தது. கூண்டு உயர உயர, மூங்கில் சாரத்திலிருந்து ஆட்கள் விழுவதும் கூடிக்கொண்டே போனது.

"இதற்கு ஏதாவது செய்யும்" என்றான் அரசன், முதல் மந்திரி மழவரையரிடம்.

மழவரையர் செய்தார். 'கவனம்! கவனம்!' என்று பெரிய எழுத்தில் எழுதி அங்கங்கே பலகை மாட்டினார். தினமும் காலையில் வேலையாட்கள் எல்லோரும் வரிசையில் நின்று, "கவனமாக இருப்போம், கீழே விழ மாட்டோம்" என்று வலது கையை நீட்டிச் சத்தியம் செய்தார்கள். அதோடு ஒரு சட்டமும் வந்தது. விழுகிறவன் கவனமில்லாதவன், அவனுக்குப் பத்துச் சவுக்கடி.

என்ன ஆச்சரியம்! அன்றிலிருந்து நாட்டில் ஒருவர்கூட விழவில்லை. கை ஒடிந்தவன் மாடு முட்டியது என்றான். தலை உடைந்தவன் வீட்டு நிலைப்படி இடித்தது என்றான். அரசன் மகிழ்ந்துபோய் மழவரையருக்குப் பட்டுச் சால்வை போர்த்தினான்.

அவைப் புலவர் மலைக்கொழுந்துக்கு மட்டும் அந்தச் சால்வையைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிந்தது. ஊரில் திடீரென்று இத்தனை முட்டுகிற மாடுகள் எங்கிருந்து வந்தன என்று அவருக்குத் தெரியாதா? ஆனால் மந்திரியை எதிர்த்துப் பேச அவருக்கும் பயம்தான்.

ஒருநாள் அரசன் கூண்டைப் பார்வையிட வந்தான். அவன் அண்ணாந்து பார்த்த அந்த நேரத்திலேயே மேலே படீரென்று ஒரு கயிறு அறுந்தது. கொத்தனார் சடைச்சாமி மணல் குவியலில் வந்து விழுந்தார். உயிர் தப்பியது, கால் ஒடிந்துவிட்டது. அரசன் கண்ணெதிரே நடந்ததை எந்த மாட்டின் தலையில் போடுவது?

"கவனக்குறைவு!" என்று கத்தினார் மழவரையர். "கொண்டுவா சவுக்கை!"

சடைச்சாமியின் மனைவி வீராயி, சுமந்துகொண்டிருந்த கல்லைப் போட்டுவிட்டு ஓடி வந்து கணவன்மேல் குறுக்கே விழுந்தாள். "சாமி, ஒடிஞ்ச காலோட கிடக்கிற மனுசனை அடிப்பாங்களா? அடிக்கிறதுன்னா என்னை அடிங்க!"

மலைக்கொழுந்துக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. முன்னால் வந்தார்.

"அரசே, சட்டம் சட்டம்தான். ஆனால் எனக்கு ஒரு சந்தேகம். கவனமாக இரு, கவனமாக இரு என்று சொல்கிறோமே, அது எப்படி என்று இவர்களுக்கு யாராவது செய்து காட்டினோமா?"

"நீதிக்குக் குறுக்கே வருகிறீர், புலவரே" என்று அரசன் முகம் சுளித்தான். "உம் பேச்சு வீண் பேச்சு என்று தெரிந்தால் அந்தப் பத்தில் பாதி உம் முதுகுக்கு."

புலவருக்கு முதுகு இப்போதே சுரீர் என்றது. ஆனாலும் சொன்னார்: "அப்படியே ஆகட்டும், அரசே. இந்த நாட்டிலேயே கவனம் மிகுந்தவர் நம் மந்திரியார். இவர் ஒருமுறை ஏறிக் காட்டினால் எல்லோரும் கற்றுக்கொள்வார்கள்."

"அருமையான யோசனை!" என்றான் அரசன். "ஏறும், மழவரையரே!"

மந்திரி மெல்ல நடந்தார். சாரத்தின் அடியில் போய் நின்றார். ஒரு காலை வைத்தார். மூங்கில் கிறீச்சிட்டது. காலை எடுத்துவிட்டார்.

"இடுப்பில் கட்டிக்கொள்ள ஒரு நல்ல கயிறு..."

"கயிறு எதற்கு? கவனத்தைக் கட்டிக்கொள்ளுங்கள்" என்றார் புலவர்.

"கீழே கொஞ்சம் வைக்கோலாவது பரப்பினால்..."

"கவனமானவர் விழவே மாட்டாரே! வைக்கோலை மாடாவது தின்னட்டும்."

"பிடித்துக்கொள்ள ஒரு குறுக்குக் கம்பு?"

"அதோ, உங்கள் பலகை தொங்குகிறதே. பிடித்துக்கொள்ளுங்கள்!"

வேலையாட்கள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். "ம், ஏறும்!" என்றான் அரசன்.

மழவரையர் தடாலென்று அரசன் காலில் விழுந்தார். "என்னால் முடியாது, அரசே! இந்தக் கயிறெல்லாம் போன மழையிலேயே மட்கிவிட்டது. தொட்டாலே அறுந்துவிடும்!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது.

அரசன் கண் சிவந்தான். "தெரிந்தேவா ஆட்களை ஏற்றினீர்? ஏன் கயிற்றை மாற்றவில்லை?"

"கிடங்கில் புதுக் கயிறு இல்லை, அரசே. திரித்து வருவதற்கு ஆறு மாதம் ஆகும் என்கிறார்கள்..."

மலைக்கொழுந்து அரசன் காதருகே ஏதோ சொன்னார். அரசன் மீசையைத் தடவிக்கொண்டு உரத்த குரலில் அறிவித்தான்: "சடைச்சாமிக்குத் தண்டனை இல்லை. அரண்மனை வைத்தியர் அவர் காலைக் கட்டட்டும். எழுந்து நடக்கும்வரை கணவன் மனைவி இருவருக்கும் சாப்பாடு அரண்மனையிலிருந்து போகும். விழுந்தவனை அடிக்கும் சட்டம் இன்றோடு ஒழிந்தது. நாளைக் காலையில் இந்தச் சாரத்தில் நானே ஏறப் போகிறேன்!"

அவ்வளவுதான். கோட்டையே அல்லோலகல்லோலப்பட்டது. பொழுது சாய்வதற்குள் வண்டி வண்டியாகப் புதுக் கயிறு வந்து இறங்கியது. மட்கியதெல்லாம் குப்பைக்குப் போனது. பச்சை மூங்கில் வந்தது, கைப்பிடிக் கம்பு வந்தது, கூண்டைச் சுற்றி மீன்வலைபோல் கெட்டியான வலையும் கட்டியாகிவிட்டது. ஆளுக்கொரு இடுப்புக் கயிறு வேறு.

மறுநாள் காலையில் அரசன் எல்லாவற்றையும் இழுத்து இழுத்துப் பார்த்தான். பிறகு தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றிப் புலவருக்குப் போட்டான்.

"ஆறு மாதக் கயிறு ஒரே பகலில் வந்துவிட்டதே, மலைக்கொழுந்து! ஆனால் ஒன்று. இனி இந்த அதிகாரிகள் ஒழுங்காக இருக்க வேண்டுமென்றால், நான் மாதாமாதம் இந்த மூங்கிலில் ஏற வேண்டுமா?"

"ஐயையோ, ஏறவே வேண்டாம், அரசே" என்றார் புலவர். "ஏறப் போகிறேன் என்று சொன்னாலே போதும்!"

அரசன் சிரித்த சிரிப்பில் புதுச் சாரமே அதிர்ந்தது. ஆனால் ஒரு முடிச்சுகூட அவிழவில்லை.