மட்கார்டில் ஓர் இடம்

கமுதிக்காரன் இருளப்பன் ஐஸை சர்பத் கடையில்தான் பார்த்திருந்தான். லடாக்கில் ரோடு வேலைக்குப் போனால் மலைச்சரிவு முழுக்க அதுதான். அவன் ஓட்டும் டிராக்டர் வழுக்கினால் கீழே பாதாளம்.

அடிவாரத்து முகாமில் ஆட்கள் அடுப்பெரிக்க மண்ணெண்ணெய் இல்லாமல் விறைத்துக் கிடந்தார்கள்.

"இருட்டுறதுக்குள்ள மண்ணெண்ணெயக் கொண்டு போய்ச் சேரு!" என்று கத்தினார் சூப்பர்வைசர் தண்டபாணி.

"டயருக்குச் சங்கிலி சுத்தாம ஐஸ்ல வண்டி எப்படிங்கய்யா இறங்கும்?"

"சங்கிலியெல்லாம் ஸ்டோர்ல இல்ல. ஓட்டத் தெரிஞ்சவனுக்கு எதுக்குடா சங்கிலி? முடியலேன்னா மூட்டையக் கட்டு."

இருளப்பன் டிராக்டரிடம் போனான். பிடிமானத்துக்காக டயரில் கொஞ்சம் காற்றை இறக்கினான். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தான். பிறகு மட்கார்டைத் துண்டால் துடைத்தான்.

"ஏறி உட்காருங்கய்யா."

"நானா? எதுக்கு?"

"புது வழியில வண்டி இறங்கினா, அனுப்புறவங்களும் கூட வரணும். எங்க ஊரு வழக்கங்கய்யா. பழம் வெச்சாச்சு, இனி மாத்தக்கூடாது."

சுற்றி நின்ற ஆட்களெல்லாம் தண்டபாணியையே பார்த்தார்கள். அவர் பள்ளத்தைப் பார்த்தார். "கொஞ்சம் பொறு" என்று தன் ரூமுக்கு ஓடினார். விற்றுத் தின்னப் பதுக்கியிருந்த புத்தம்புதுச் சங்கிலிகளைத் தானே சுமந்து வந்து போட்டார்.

சங்கிலி ஐஸைக் கடிக்க, வண்டி வழுக்காமல் இறங்கியது. வழி நெடுக மட்கார்டைக் கட்டிப்பிடித்துக் கண்ணை மூடியிருந்த தண்டபாணி, முகாம் வந்ததும்தான் வாய் திறந்தார்.

"நெசமாவே உங்க ஊர்ல அப்படி வழக்கம் உண்டாடா?"

"இன்னைக்குத்தாங்கய்யா ஆரம்பிச்சோம்."