தடித்த சிரிஞ்சில் ஒரு கோடு

"உங்க கோடு பொய், மாஸ்டர்."

குணசீலன் வாசலில் நின்றபடி சொன்னார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

மலேசியாவின் தைப்பிங்கில், வண்ண மீன் விற்கும் கடையின் பின்னறை அது. ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி. உள்ளே ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். சிகரெட்டை விட நினைப்பவர்கள் வாரம் ஒருமுறை அங்கே கூடி, வேப் என்னும் மின்சிகரெட்டில் ஊற்றும் திரவத்தைத் தாங்களே கலக்கக் கற்றுக்கொண்டார்கள்.

கற்றுக்கொடுத்தவர் அமிர்தா. கடைக்காரர். வயது முப்பத்து நான்கு. எல்லாரும் அவரை மாஸ்டர் என்றே அழைத்தார்கள். இருபத்தெட்டு வருடம் பள்ளி பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற, ஐம்பத்தாறு வயது குணசீலனும்தான்.

அமிர்தா நிமிர்ந்து பார்த்தார்.

"யாருக்கு என்ன ஆச்சு, அண்ணே?"

அதற்குப் பிறகு குணசீலன் நிறுத்தவில்லை.

அவருடைய மனைவியின் தம்பி கோகிலன். நாற்பத்தைந்து வயது. ஒரு நாளைக்கு இரண்டு பெட்டி சிகரெட் பிடித்தவன். போன வருடம் இதயக் குழாயில் அடைப்பு எடுத்தார்கள். இனி ஒரு சிகரெட்டும் கூடாது என்றார் டாக்டர். அவனால் முடியவில்லை. கடைசியில் வேப்புக்கு மாறினான். கடைப் பாட்டிலில் என்ன இருக்கிறதோ என்று பயந்து, குணசீலனே இங்கே வந்து கற்று, ஏழு மாதமாகக் கலந்து கொடுத்தார். நிக்கோட்டினைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துவந்தார். இன்னும் இரண்டு படி இறங்கினால் ஒன்றுமில்லை.

புதன்கிழமை புதுப் பாட்டில். பத்து இழுப்பு இழுத்தான். முகம் வெளுத்தது. வியர்த்துக் கொட்டியது. வாந்தி. நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி வைத்திருந்தார்கள்.

வியாழக்கிழமை மத்தியானம் வீட்டுக்கு வந்தவன் முதலில் கேட்டது சிகரெட்.

"என்ன சொன்னான் தெரியுமா? சிகரெட் பெட்டியிலயாவது கொல்லும்னு படம் போட்டு விக்கிறான், நீங்க அதுகூடப் போடலைன்னான். என் முகத்தைப் பாத்துச் சொன்னான்."

மனைவி புஷ்பவள்ளி அன்றிலிருந்து அவரிடம் பேசவில்லை. சோறு மட்டும் போடுகிறாள். தட்டு மேஜையில் விழும் சத்தத்தை வைத்து அவள் என்ன நினைக்கிறாள் என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

"நான் அளந்தது சரி," என்றார் குணசீலன். "நீங்க கீறின கோட்டுக்கு அளந்தேன். முடியளவு கூடல, குறையல. அப்போ கோடுதான் பொய்."

அந்தக் கோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

திரவத்தில் மூன்று பொருள். கிளிசரின், வாசனை எசன்ஸ், நிக்கோட்டின். முதல் இரண்டில் தப்பினால் ருசி கெடும். மூன்றாவதில் தப்பினால் ஆள் கெடுவான். அதனால் அதை மட்டும் சிரிஞ்சில் அளப்பார்கள்.

சிரிஞ்சில் எண் அச்சடித்திருக்கும். ஆனால் எலுமிச்சை எசன்ஸ் பட்டுப் பட்டு, ஒரு மாதத்தில் எண் அழிந்துவிடும். அமிர்தாவுக்குக் கற்றுக்கொடுத்தவர் இதற்கு ஒரு வழி கண்டிருந்தார். பிளேடால் சிரிஞ்சில் ஒரே ஒரு கோடு கீறினார். பாட்டிலுக்கு மூன்று கோட்டளவு, சில மாதம் கழித்து இரண்டு, பிறகு ஒன்று, பிறகு பூஜ்யம்.

புதிதாகச் சேர்பவர் ஒரு சிரிஞ்சு வாங்கி வருவார். அமிர்தா தன்னுடையதை அதன் பக்கத்தில் ஒட்டிப் பிடித்து, அதே உயரத்தில் கீறிக் கொடுப்பார். அன்றிலிருந்துதான் புதியவர் சீடர். அவருக்குச் சொல்லும் முதல் பாடமும் அன்றுதான்: எண்ணைப் பார்க்காதே, கோட்டைப் பார்.

பதினொரு வருடமாக இப்படித்தான் நடந்தது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

"சிரிஞ்சு கொண்டாந்தீங்களா?" என்று கேட்டார் அமிர்தா.

குணசீலன் சட்டைப் பையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தார். வைத்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது.

அமிர்தா தன்னுடையதை எடுத்து அதன் அருகில் வைத்தார். இரண்டு கோடும் ஒரே உயரத்தில், நூல் பிடித்ததுபோல் இருந்தன.

"பாருங்க," என்றார் ஒருவர். "கோடு சரியாத்தானே இருக்கு."

"அப்படின்னா நான்தான் விஷம் வெச்சேனா?" என்றார் குணசீலன்.

அமிர்தா கடைக்குள் போனார். மீன் தொட்டித் தண்ணீரைச் சோதிக்கும் கண்ணாடிக் குழாய்கள் இரண்டோடு திரும்பினார். இரண்டும் ஒரே அச்சு. ஒரு டம்ளரில் தண்ணீர்.

தன் சிரிஞ்சில் கோடு வரை தண்ணீர் இழுத்து முதல் குழாயில் விட்டார்.

குணசீலனுடையதில் கோடு வரை இழுத்து இரண்டாவதில் விட்டார்.

முதல் குழாயில் தண்ணீர் ஒரு விரல் உயரம் நின்றது. இரண்டாவதில் மூன்று விரலுக்கு மேல்.

முடிதிருத்தும் கடை வைத்திருக்கும் லோகநாதன்தான் முதலில் வாய் திறந்தார். எட்டிப் பார்த்து, இரண்டு சிரிஞ்சையும் விரலால் உருட்டினார். அமிர்தாவுடையது பென்சில் கனம். குணசீலனுடையது பள்ளிக்கூடத்தில் போர்டில் எழுதும் மார்க்கர் கனம்.

"என்னாண்ணே, காருக்கு பஸ் டயர் மாட்டிட்டு வந்திருக்கீங்க?"

இரண்டு பேர் சிரித்தார்கள். குணசீலன் அவர்களைப் பார்த்த பார்வையில் சிரிப்பு பாதியில் நின்றது.

பழைய சிரிஞ்சின் ரப்பர் போன மாதம் இறுகிப்போனது. மருந்துக் கடையில் ஒல்லி சிரிஞ்சு தீர்ந்துவிட்டது. இருந்ததை வாங்கி வந்தார். போன ஞாயிற்றுக்கிழமை இதே மேஜையில், இதே நாற்காலியில் உட்கார்ந்து, அமிர்தா அதில் கோடு கீறினார். கீறும்போது கடை வாசலில் ஒருவர் தங்க மீன் விலை கேட்டுக்கொண்டிருந்தார். அமிர்தா அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டே கீறினார்.

இதையெல்லாம் குணசீலன் ஒன்று விடாமல் எடுத்துச் சொன்னார். மீன் விலையையும் சேர்த்து.

"நான் தடிச்சது வாங்கினேன். சரி. எனக்கென்ன தெரியும், நான் பஸ் ஓட்டினவன். நீங்க மாஸ்டர். கையில வாங்கினீங்க. பக்கத்துல வெச்சீங்க. கீறினீங்க. ரெண்டு கையிலயும் பிடிச்சிருந்தவங்களுக்குத் தெரிய வேணாமா?"

"வேணும்," என்றார் அமிர்தா.

குணசீலன் மறுப்பை எதிர்பார்த்து வந்திருந்தார். அதற்கு நான்கு நாளாகப் பதில் தயாரித்திருந்தார்.

அமிர்தா மற்ற ஐந்து பேரின் சிரிஞ்சுகளையும் மேஜைக்குக் கொண்டுவரச் சொன்னார். ஒன்றன்பின் ஒன்றாகக் குழாயில் விட்டுப் பார்த்தார். ஐந்தும் சரியாக இருந்தன. பிறகு பிளேடை எடுத்து மேஜை டிராயருக்குள் போட்டு மூடினார்.

"ஒண்ணு கேக்கணும், அண்ணே," என்றார். "அன்னைக்கு நான் கீறினப்போ அந்த இடத்துல எண் இருந்துச்சே. பாத்தீங்களா?"

"நீங்கதானே சொன்னீங்க, எண்ணைப் பாக்காதேன்னு." குணசீலனின் குரல் மீண்டும் ஏறியது. "ஏழு மாசமாச் சொன்னீங்க."

"சொன்னேன். பாத்தீங்களா?"

குணசீலன் அதை விட்டு வேறு ஒன்று சொன்னார். இங்கே தண்ணீரை ஊற்றி வித்தை காட்டினால் போதாது, வீட்டுக்கு வந்து, அவர் மனைவி முன்னால், கோகிலன் முன்னால், கோடு உங்களுடையது என்று உங்கள் வாயால் சொல்ல வேண்டும் என்றார். சொல்லும் வரை இந்தக் கடையை விட்டு நகரப்போவதில்லை என்றார்.

லோகநாதன் எழுந்தார். மாஸ்டரைத் தெருவில் இழுப்பது நியாயமா, மன்னிப்புதானே வேண்டும், அதை இங்கேயே சொன்னால் ஆகாதா என்றார்.

"உன் மச்சானா ஆஸ்பத்திரியில கிடந்தான்?" என்றார் குணசீலன்.

லோகநாதன் உட்கார்ந்துவிட்டார்.

அமிர்தா கடைக் கதவை இறக்கினார். ஞாயிற்றுக்கிழமைதான் வியாபாரம் அதிகம். இரண்டு சிரிஞ்சையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டார். குணசீலனின் மோட்டார் சைக்கிள் முன்னால் போக, தன் மோட்டார் சைக்கிளில் பின்னால் போனார். வழியில் மழை பிடித்தது. தைப்பிங்கில் அது செய்தி அல்ல. இருவரும் ஒதுங்கி நிற்காமல் நனைந்துகொண்டே போனார்கள்.

கோகிலன் கூடத்தில் சாய்வு நாற்காலியில் இருந்தான். மடியில் புதுச் சிகரெட் பெட்டி. பிரிக்கவில்லை. கையில் லைட்டர். அதை மூடுவதும் திறப்பதுமாக இருந்தான். பக்கத்து வீட்டுப் பையனை விட்டு வாங்கிவரச் செய்ததாகப் பிறகு தெரிந்தது. புஷ்பவள்ளி எதிரே தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவன் பிரித்தால் பிடுங்கிவிட வேண்டும் என்று காலையிலிருந்து அங்கேயே இருந்தாள்.

"இவங்கதான் மாஸ்டர்," என்றார் குணசீலன். "கேளு, என்ன சொல்றாங்கன்னு."

புஷ்பவள்ளி கணவரைப் பார்க்கவில்லை. அமிர்தாவைப் பார்த்து, நனைஞ்சிட்டியேம்மா என்று ஒரு துண்டை எடுத்துக் கொடுத்தாள்.

அமிர்தா துண்டை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். துடைத்துக்கொள்ளவில்லை.

"கோடு நான் கீறினது," என்றார் கோகிலனிடம். "ஒல்லி சிரிஞ்சு கோட்டைத் தடி சிரிஞ்சுல கீறிட்டேன். நீங்க இழுத்தது மூணு பங்கு. தப்பு என்னுது."

அவ்வளவுதான். காரணம் சொல்லவில்லை. தங்க மீன் வாங்க வந்தவரைப் பற்றிச் சொல்லவில்லை. தடித்த சிரிஞ்சை வாங்கி வந்தது யார் என்றும் சொல்லவில்லை.

குணசீலன் நிமிர்ந்து நின்றார். நான்கு நாளில் முதல் முறையாக.

"கேட்டியா?" என்றார் மனைவியிடம். "நான் அளந்தது சரி."

கோகிலன் லைட்டரை மூடினான். திறந்தான்.

"தப்பு யாருதோ, நான்தானே செத்திருப்பேன்," என்றான். "இனிமே ஒருத்தர் கலக்குறதும் வேணாம். இதுல அளவு சரியா இருக்கும். பெட்டியில இருக்கிற இருபதும் ஒரே மாதிரி." பெட்டியின் மேலிருந்த மெல்லிய தாளைப் பிரித்தான்.

புஷ்பவள்ளி பெட்டியைப் பிடுங்கவில்லை. அமிர்தாவின் கையிலிருந்த பிளாஸ்டிக் பையை வாங்கினாள். இரண்டு சிரிஞ்சையும் எடுத்து, கீரைத் தட்டின் ஓரத்தில் பக்கம் பக்கமாக வைத்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். தடித்ததைக் கையில் எடுத்து வெளிச்சத்துக்குக் காட்டினாள்.

"இதுல மூணுன்னு எழுதியிருக்கே," என்றாள்.

கட்டைவிரலை அந்த இடத்தில் வைத்துக் காட்டினாள்.

"கோட்டுக்குப் பக்கத்துலயே இருக்கு. மூணு." ஒல்லியானதை எடுத்துத் திருப்பினாள். அதில் எண் எல்லாம் அழிந்திருந்தது. "இதுல எவ்வளவு இருந்துச்சும்மா?"

"ஒண்ணுகூட இல்ல, அக்கா," என்றார் அமிர்தா. "ஒண்ணுக்குக் கொஞ்சம் குறைவு."

புஷ்பவள்ளி நான்கு நாளில் முதல் முறையாகக் கணவரின் முகத்தைப் பார்த்தாள்.

"உங்க கண்ணுல படலையா?"

குணசீலன் வாயைத் திறந்தார். அவர் சொல்லக்கூடிய பதில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். மாஸ்டர் சொன்னார். எண்ணைப் பார்க்காதே என்றார். ஏழு மாதமாகச் சொன்னார். அது உண்மையும்கூட. அமிர்தா அங்கேதான் நின்றிருந்தார்; கேட்டால் ஆமாம் என்று சொல்லியிருப்பார்.

வெளியே மழை ஓட்டுக் கூரையில் விழுந்துகொண்டிருந்தது.

"பட்டுச்சு," என்றார் குணசீலன்.

"எப்போ?"

"வாங்கும்போதே. அவங்க கீறும்போதும் பட்டுச்சு. புதன்கிழமை பாட்டில்ல ஊத்துறப்போ, என்னடா இவ்வளவு இருக்கேன்னுகூட நெனைச்சேன்." அவர் குரலில் இப்போது கோபம் இல்லை. "நெனைச்சுக்கிட்டே ஊத்தினேன்."

புஷ்பவள்ளி தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்தாள். அழுகிறாளா என்று அமிர்தாவால் பார்க்க முடியவில்லை. முந்தானையால் முகத்தை மூடியிருந்தாள்.

கோகிலன் மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு லைட்டரைச் சிகரெட் பெட்டியின் மேல் வைத்து, இரண்டையும் தரையில், கைக்கு எட்டாத தூரத்துக்குத் தள்ளிவிட்டான்.

"நாளைக்கு ஒல்லி சிரிஞ்சு ஒண்ணு வாங்கிட்டு வாங்க, மாமா," என்றான். "இங்க என் முன்னால கலக்குங்க. எண்ணைச் சத்தமாப் படிச்சுக்கிட்டே."